இருபது நிமிசத்துல கரிசக்காடு

வா தாயி, உக்காரு. மொழியியல் மாணவர் மாநாட்டுல உன் கட்டுரையச் சேத்துக்கிட்டாகன்னு உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு வாரா. ‘கரிசல் வட்டாரப் பேச்சில் நிகழ்கால இடைநிலை: ஒரு சமூக மொழியியல் அணுகுமுறை.’ நல்லாத்தான் இருக்கு. நடுவுல அந்த ரெட்டைப் புள்ளி வைக்காம இப்ப எவனும் ஆராய்ச்சி பண்ணுததில்ல போல. புள்ளிக்கு முன்னால இருக்கது நம்ம ஊரு, பின்னால இருக்கது உங்க வாத்தியாருக்கு. அது இல்லாட்டி பயணப்படி வராதுன்னா இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன.

நேத்து ராத்திரி நீ கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்ததைத் திண்ணையில படுத்துக்கிட்டே கேட்டேன். தூங்கலன்னு வச்சுக்கோ. பேச்சுக்கு இருபது நிமிசம், கேள்விக்குப் பத்து நிமிசம், அதுதான கணக்கு? அதுல கரிசல் மண்ணு கறுப்பா இருக்கும், பருத்தி வெளையும்னு கொஞ்ச நேரம். கால்டுவெல் 1856ல ஒப்பிலக்கணம் எழுதினார்னு கொஞ்ச நேரம். பர்ரோவும் எமனோவும் 1961ல திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி போட்டாகன்னு கொஞ்ச நேரம். பெறவு நெறியாளருக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி, ஊக்கமளித்த நண்பர்களுக்கு நன்றி. நம்ம ஊரு ஆளு வாயத் தொறக்கதுக்குள்ள தலைமை தாங்குதவரு துண்டுச்சீட்டு நீட்டிருவாரு. அங்கன வந்து உக்காந்திருக்கவுக அம்புட்டுப் பேரும் கால்டுவெல்லப் படிச்சவுக தாயி. அவுக கேக்காதது உன் போனுக்குள்ள கெடக்க எங்க பேச்சு மட்டுந்தான். எடுத்த எடுப்புலயே அதப் போட்டு விடு. பேச்சியம்மா மீன்காரங்கிட்ட மல்லுக்கு நின்னாளே, அந்தத் துண்டு. கூட்டத்துல கொட்டாவி விட்டவன்கூட நிமிந்து உக்காருவான்.

கால்டுவெல்லச் சொல்லித்தான் ஆகணும்னா, அவரு எங்கன இருந்து எழுதினாருன்னு சொல்லு. இடையன்குடி, செக்கச்செவேர்னு கெடக்க தேரிக்காடு. பதிவுக் கட்டணமும் கெடையாது, பைக்குள்ள பேனாவும் கெடையாது. வருசக்கணக்கா ஊரு ஆளுக கூடவே கெடந்தாரு. நீ ரெண்டு ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போயி ‘விரிவான கள ஆய்வு’ன்னு எழுதுத. எழுது, எழுது. நான் மறுத்துச் சொன்னா என் பேத்தி முகம் வாடிரும்.

இப்ப என் விசயத்துக்கு வாரேன். போன மழைக்காலத்துல ரெக்கார்டரத் தூக்கிட்டு ஒரு தம்பி வந்தான். வட்டார வழக்கு எடுக்கவுக எப்பிடிப்பட்ட ஆளத் தேடுவாகன்னு அவந்தான் சொன்னான். வயசாளியா இருக்கணும், கிராமத்தானா இருக்கணும், ஆம்பளையா இருக்கணும், ஊர விட்டு நகராதவனா இருக்கணும். சேம்பர்ஸ், ட்ரட்கில்னு ரெண்டு பேரு 1980ல புத்தகம் எழுதி, இந்தப் பழைய வழக்கத்துக்கு ஒரு சுருக்கப் பேரும் வச்சிருக்காகளாம். என்னப் பாத்ததும் அந்தப் பயலுக்கு மூஞ்சி மலந்துபோச்சு. நாலும் பொருந்துதுன்னு அவனே முடிவு கட்டிட்டான். நான் வாலிபத்துல தாராவியில வருசக்கணக்கா வேல பாத்ததையும், இந்தியில கெட்ட வார்த்த பேசக் கத்துக்கிட்டதையும் அவன் கேக்கவே இல்ல. கேக்காததச் சொல்லுதது எனக்கு வழக்கமில்ல. அவன் ஆய்வேட்டுல நான் இன்னும் ஊர விட்டு நகராமத்தான் இருக்கேன். நீயாவது கேளு. யாரு எங்க போயி வந்தாக, யாரு யாரக் கெட்டிட்டு வந்தாகன்னு கேட்டாத்தான் பேச்சு ஏன் அப்பிடி இருக்குன்னு பிடிபடும். உங்க பாட்டிகிட்டயும் கேளு. உன் பட்டியல்ல பேச்சியம்மாவ விட்டா வேற பொம்பள இல்லன்னா சபையில ஒருத்தி எந்திரிச்சுக் கேப்பா. கேக்கணும்.

அந்த ரெக்கார்டர் தம்பி சொன்ன கத இன்னொண்ணு. பிரான்சு தேசத்துல எட்மோன்னு ஒருத்தரு இருந்தாராம். பலசரக்குக் கடைக்காரரு. பட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல, காது மட்டும் கூரு. ஜிலியேரோன்னு ஒரு பேராசிரியரு அந்தக் காத நம்பி ஆள அனுப்புனாரு. இந்த மனுசன் சைக்கிள எடுத்துக்கிட்டு 639 ஊரு சுத்தி, கேட்டத கேட்டபடி எழுதிக் குடுத்தாரு. அத வச்சுத்தான் அந்த நாட்டுப் பேச்சுக்கே நிலப்படம் போட்டாக. நீ அந்தக் கதைய மாநாட்டுல சொல்லாத, தெரிஞ்சவுகதான் இருப்பாக. பஸ்ஸு ஏறி எட்டயபுரம் வரைக்கும் போயி நாலு பேரு பேசக் கேட்டுட்டு வா. கோயில்பட்டிப் பேச்சும் விளாத்திகுளத்துப் பேச்சும் ஒண்ணுன்னு நீ எழுதியிருக்க. ரெண்டு ஊருக்காரனையும் ஒரு டீக்கடையில உக்கார வச்சுப் பாரு.

அப்புறம் இன்னொண்ணு. உன் கட்டுரையில தெலுங்கு எங்க தாயி? நம்ம கரிசக்காட்டுல எத்தனையோ வீட்டுல அடுப்படிப் பேச்சு தெலுங்கு. இந்தக் கரிசப் பேச்ச எல்லாத்தையும் சேத்து அகராதி போட்ட இடைசெவல் கி. ராஜநாராயணனுக்கே வீட்டுப் பாசை தெலுங்குதான். அவரு கல்லூரி வாசப்படி மிதிச்சவரில்ல, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியரா உக்கார வச்சது. நீ என்னமோ கரிசலத் தனித்தமிழ்த் தீவு கணக்கா எழுதி வச்சிருக்க. பக்கத்து வீட்டு நாயக்கரு கேட்டாருன்னா கோவிச்சுக்கிட மாட்டாரு, சிரிப்பாரு. அது அதவிடக் கேவலம்.

மெசின நீட்டுனதும் நாங்க எப்பிடிப் பேசுவோம்னு நெனக்க? நானே ‘வணக்கம், நான் இந்த ஊரில் வசித்து வருகிறேன்’னு ஆரம்பிச்சேன். உங்கப்பன் உள்ளுக்குள்ள சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிட்டான். அமெரிக்காவுல லபோவ்னு ஒரு வாத்தியாரு இதுக்கு ஒரு தந்திரம் வச்சிருந்தாராம். சாவுப் பக்கம் போயித் தப்பிச்ச கதை ஏதும் உண்டான்னு கேப்பாரு. கேட்டதும் ஆளுக்கு மெசினு மறந்துபோகும், பேச்சு தானா எறங்கி வந்துரும். நீ என்னன்னா, ‘தாத்தா, நான் வருகிறேன் என்பதை எப்படிச் சொல்வீர்கள்?’னு கேட்ட. உனக்கு நான் என்னத்தச் சொல்ல? கெணத்துல விழுந்த கதையக் கேட்டிருந்தீன்னா நீ தேடுத நிகழ்காலம் அம்பது தடவ வந்து விழுந்திருக்கும்.

சரி, எந்த மாநாட்டுக்குப் போறன்னும் பாத்துக்கோ. 2016ல யுஜிசி போட்ட விதிப்படி ஆய்வேடு குடுக்கதுக்கு முன்னால ரெண்டு கருத்தரங்குல கட்டுரை வாசிச்சிருக்கணும், ஆய்விதழ்ல ஒண்ணு வந்திருக்கணும்னு இருந்துச்சு. உடனே ஊருக்கு ஊரு பன்னாட்டுக் கருத்தரங்கம் மொளச்சிருச்சு. பன்னாடு எங்கன்னு பாத்தா இலங்கையில இருந்து ஒருத்தரு வாழ்த்து அனுப்பியிருப்பாரு. பணம் கட்டு, அஞ்சு நிமிசம் வாசி, பொன்னாடை, குரூப் போட்டோ, ஐஎஸ்பிஎன் போட்ட தடிப் புத்தகம். அந்தப் புத்தகத்துல அவனவன் தன் பக்கத்த மட்டும் பிரிச்சுப் பாப்பான். 2022ல அந்தக் கட்டாயத்த யுஜிசியே எடுத்துட்டாக. சான்றிதழ் ஆச மட்டும் எடுபடல.

மாணவங்களே நடத்துத கூட்டம் வேற. நம்ம நாட்டுல ஸ்கான்லின்னு ஒரு மொழியியல் மாணவர் மாநாடு இருக்கு, சிக்காகோ மொழியியல் சங்கத்துக் கூட்டத்த 1960கள்ல இருந்தே மாணவங்கதான் நடத்துதாகளாம். அங்கன உனக்குப் பக்கத்துல உக்காருதது உன்னப் போலவே தூக்கம் கெட்ட புள்ளைக. ஒருத்தி இருளர் பேச்சு எடுத்திருப்பா, ஒருத்தன் மதுரச் சௌராட்டிரம் எடுத்திருப்பான். அரங்கத்துக்குள்ள கெட்டியா முழிச்சிக்கிட்டு இரு, டீ குடிக்கப் போறப்பவும் போன எடுத்து நோண்டாத. இதே மாதிரி எங்க பக்கத்துலயும் சொல்லுதாகளேன்னு ஒருத்தன் சொல்லுவான், அது உன் அடுத்த கட்டுரை.

கேள்வி நேரத்துல ஒரு பெரியவரு எந்திரிப்பாரு. ‘இது கேள்வி அல்ல, ஒரு கருத்து’ம்பாரு. எல்லா ஊரு கூட்டத்துலயும் அவரு உண்டு. அவருக்குத் தலையாட்டு, பேனாவ எடுத்து எழுதுத மாதிரி வச்சுக்கோ. அடுத்து ஒரு சின்னப் புள்ள கை தூக்கும். அதுதான் ஒன்னய மடக்கும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிரு. ‘இன்னும் ஆய்வுக்குரியது’ன்னு இழுக்காத, அது எல்லாருக்கும் புரிஞ்சுரும்.

எமனோ எமனோன்னு அஞ்சாறு தடவ சொன்னயே, அவரு நீலகிரியில கோத்தர் கதைகள எழுதினப்ப அதச் சொன்ன சுள்ளிங்கற கோத்தரு பேரு உனக்குத் தெரியுமா? ரெக்கார்டரோட வந்த அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உன் ஸ்லைடுல நான் ‘தகவலாளர் 4, ஆண்’னு நிக்கேன். பேரு போடலாமா வேண்டாமான்னு ஆளுக்கு ஆளு கேட்டுட்டுப் போடு. பேச்சியம்மா வேண்டாம்பா, மீன்காரன் படிச்சிருவாங்கற பயம். நான் போடுன்னுவேன், இனிஷியலோட.

அடுத்த வருசம் திருநெல்வேலி பக்கமே நடந்துச்சுன்னா என்னயும் கூட்டிட்டுப் போ. கடைசி வரிசையில சத்தங்காட்டாம உக்காந்துக்கிடுதேன். நீ பேசி முடிச்சதும் கை தூக்குவேன். கருத்து இல்ல தாயி, கேள்விதான்.