மொய் நோட்டில் ஒரு ‘சூப்பர்’

எங்கள் தொழிலில் பாராட்டு என்பது மொய். மேலூர்ப் பக்கம் விசேஷம் வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் அடுத்த காதுகுத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பக்கத்து ஸ்டூடியோக்காரர் எடுத்த தாலிகட்டுப் படத்தைப் பார்த்து நான் “சூப்பர்ணே” என்றால், நான் எடுத்த நலங்குப் படத்துக்கு அவர் “வேற லெவல் மாப்ள” என்று சற்றுக் கூட்டியே திருப்ப வேண்டும். மாப்பிள்ளை தலைக்கு மேல் வாழைமரம் முளைத்திருப்பதெல்லாம் கணக்கில் வராது.

இதில் நியாயமும் இருக்கிறது. ஒரே முகூர்த்தத்தில் எனக்கு இரண்டு கல்யாணம் வந்தால், ஒன்றுக்கு அவரைத்தான் அனுப்பியாக வேண்டும். “அண்ணே, பொண்ணோட கண்ணு ஷார்ப்பா இல்ல, காதுதான் ஷார்ப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு, மறுநாள் எந்த மூஞ்சியோடு போய் பேட்டரி இரவல் கேட்பது?

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-ல் அந்தத் தேதியில்தான் பாரிஸில் டாகேர் என்பவரின் புகைப்பட முறையை எல்லோரும் அறிய வெளியிட்டார்கள். அதற்காக நாங்கள் கேக் வெட்டுகிறோம், ரத்த தானம் செய்கிறோம், ஒருவருக்கொருவர் சால்வை போர்த்துகிறோம், கடைசியில் குரூப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஊர்க் கேமராக்காரர்கள் அத்தனை பேரும் கூடி நின்று எடுக்கிற அந்தப் படத்தில் ஓரத்தில் நிற்பவருக்கு எப்போதும் பாதி முகம்தான் வரும். அந்தப் பாதி முகமும் “சூப்பர்” என்றுதான் சொல்லும்.

போன தடவை நான் ஒரு யோசனை சொன்னேன். ஆளுக்கு ஒரு படம், பேர் போடாமல் பிரிண்ட் போட்டு வைப்போம். மற்றவர்கள் மனசில் பட்டதைச் சொல்லட்டும். கைதட்டி ஒத்துக்கொண்டார்கள். முதல் படத்தில் மேடை எல்.இ.டி. புண்ணியத்தில் மணப்பெண் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தார். ஒருவர் தொண்டையைக் கனைத்து, “லைட்டிங் கொஞ்சம்...” என்று இழுத்தார். “அது மண்டபத்துக்காரன் போட்ட லைட்டுண்ணே!” என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. அடுத்த படத்துக்கு, “நாயனக்காரர் குறுக்க வந்துட்டாரு!” அதற்கடுத்ததற்கு, “பொண்ணு வீட்டுல அவசரப்படுத்தினா நான் என்ன பண்றது?” கால் மணி நேரத்தில் எந்தப் படம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேர் போட்டு வைத்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

இப்படிப் படங்களை எடைபோடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1855 மதராஸ் கண்காட்சியிலேயே நடுவர்கள் உட்கார்ந்து படங்களைச் சீர்தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதில் முதல் வகுப்புப் பதக்கம் வாங்கிய லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, பிறகு அரசாங்கப் புகைப்படக்காரராகி, 1858-ல் மாட்டு வண்டியில் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு வந்து மதுரையைப் படம் பிடித்தார். அந்தக் காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் பல நெகட்டிவ்களில் தன் கையாலேயே மேகம் தீட்டிச் சேர்த்தார். இன்று ஒரே சொடுக்கில் வானம் மாற்றுகிற எங்கள் பையன்களுக்குப் பாட்டனார் கிடைத்துவிட்டார். ஒரு வித்தியாசம், அவர் மேகம் மேகம் மாதிரி இருக்கும்.

குறை சொன்னால் தரம் ஏறும் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி சாக்லேட். கோடாக் கம்பெனி ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்துத்தான் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்தது. பழுப்புத் தோல்காரர்கள் கரிக்கட்டையாக வந்தபோது அங்கே பெரிதாக யாரும் பதறவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் வந்து, எங்கள் சரக்கின் நிற வேறுபாடே படத்தில் தெரியவில்லையே என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமில் பழுப்பு நிறம் பிழைத்தது. பீரோவும் நாற்காலியும் நமக்காகப் பேசியிருக்கின்றன! அப்படி வந்து சேர்ந்த நிறத்தைத்தான் இங்கே “கொஞ்சம் கலராப் போட்டு விடுங்கண்ணே” என்று கேட்டு மறுபடி சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்கள். நாங்களும் அடிக்கிறோம். எதிர்த்துப் பேச எங்கள் பக்கம் ஒரு பீரோகூட இல்லை.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற பையன்கள் விசா போட்டோவுக்கு வரும்போதுதான் எங்களுக்குக் கைநடுக்கம். 35-க்கு 45 மில்லிமீட்டருக்குள் காதோரம் ஒரு நிழல் விழுந்தால் போதும், படம் திரும்பி வந்துவிடும். திருப்பி அனுப்புகிறவருக்கு நாங்கள் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

அன்றைய கூட்டத்தில் அப்படி மொய்க்கணக்கு இல்லாத ஆள் ஒருவர்தான். ரத்த தான முகாமில் இலவசமாக பி.பி. பார்க்கிறார்கள் என்று ஒரு தம்பி தன் அப்பத்தாவைக் கூட்டி வந்திருந்தான். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவந்து மேசையிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். கீழவளவு பாறைக்கு முன்னால், சிவப்பும் நீலமுமாகப் புகை சூழ ஒரு ஜோடி நெற்றியோடு நெற்றி ஒட்டி நிற்கிற அவுட்டோர் படத்தில் வெகுநேரம் நின்றார்.

“ஏய்யா, புள்ளைகளச் சுத்தித் தீப்பிடிச்சுப் பொகையுது, அணைக்காம எவன்யா நின்னு படம் புடிச்சுக்கிட்டு இருந்தது?”

அந்த ஒரு படத்துக்கு மட்டும் பின்வரிசையிலிருந்து யாரும் எழுந்து பதில் சொல்லவில்லை.