கூரை கழற்றிய ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கூரையை எடுக்க அந்தக் காலத்தில் ஒரு ஸ்பேனர் செட்டும், தூக்கிப் பிடிக்க நாலு ஆளும் போதும். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் சில போல்ட், பின்பக்கம் சில போல்ட். அவற்றைக் கழற்றினால் கூரை முழுசாகக் கையோடு வந்துவிடும். இன்று கொடைக்கானலில் என் மேஜை மேல் நிற்கிற ஹெரால்டு 12 சென்டிமீட்டர்தான் நீளம். 32-ல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக்கில் வார்த்த ஏர்ஃபிக்ஸ் மாடல். இதில் கூரையும் பாடியும் ஒரே அச்சு. எடுக்க வேண்டுமானால் மெல்லிய ரம்பத்தால் அறுத்தே ஆக வேண்டும்.

அசல் வண்டி பெரியப்பாவுடையது. பண்ணைக்காட்டில் அவருக்குக் காப்பியும் ஆரஞ்சும் மலைவாழையும் கலந்த தோட்டம். எழுபதுகளில், வத்தலக்குண்டில் ஒரு டாக்டர் கைமாற்றிய ஹெரால்டை வாங்கினார். வெளிர் பச்சை, இரண்டு கதவு. வாங்கிய கையோடு கூரையை எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மலையில் வண்டி ஓட்டுகிறவன் தலைக்கு மேல் மலை தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் ஆசைக்கு இடம் கொடுக்கும்படி அந்தக் கார் அமைந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில் கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக வெல்டிங் செய்கிற முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அதற்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்காததால், தனி சேஸிஸ் செய்து, பல இடங்களில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவெடுத்தார்கள். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலாட்டி உருவம் வரைந்தார். 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. ஒரே சேஸிஸ்மேல் மூடிய கார், கூப்பே, திறந்த கார், எஸ்டேட் என்று வகைவகையாகப் பூட்டி விற்றார்கள். பிரித்து அனுப்பி வேறு நாட்டில் முடுக்கிக்கொள்வதற்கும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது.

கோவென்ட்ரியில் நேர்ந்த ஒரு நெருக்கடியால் வத்தலக்குண்டு பட்டறைக்காரருக்கு ஒரு வேலை கிடைத்தது. பெரியப்பாவும் அவரும் பேசிக்கொண்டதை வண்டியின் மட்காட்டில் சாய்ந்தபடி நான் கேட்டிருக்கிறேன்.

"கூரையைக் கழத்துறது அரை நாள் வேலை மொதலாளி. மழை வந்தா என்ன செய்வீக?"

"அதுக்குத்தான் ஹூடு போடச் சொல்றேன். ஜீப்புக்குப் போடுறீகள்ல?"

"ஜீப்பு வேற, இது வேற. கூரை இருக்கிற வரைக்கும் ரெண்டு பக்கத்தையும் அது இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். எடுத்துட்டா பள்ளத்துல இறங்கும்போது பாடி நெளியும், கதவு தானாத் தொறந்துக்கும். பின் சீட்டுக்குப் பின்னாடி குறுக்கால ஒரு ஆங்கிள் வச்சுத்தான் தருவேன்."

எந்தப் புத்தகத்தையும் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. எத்தனையோ வண்டிகளை மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்த அனுபவம் அது. சொன்னபடி ஆங்கிளை வைத்தார். மெல்லிய பைப்பை வளைத்து மூன்று வில் செய்தார். தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்து கேன்வாஸில் ஹூடு தைத்து, ஓரங்களில் பிரஸ் பட்டன் அடித்தார்கள். கூரை கழன்ற விளிம்புக்கெல்லாம் பட்டி பார்த்து, தேய்த்து, அதே வெளிர் பச்சையை அடித்தார்கள். கழற்றிய கூரையும் வீண்போகவில்லை. தோட்டத்து பம்புசெட் மோட்டார் நனையாமல் இருக்க, நான்கு கல்தூண் மேல் அதைக் கவிழ்த்து வைத்தார் பெரியப்பா.

மலையேற்றம் அப்போது ஒரு நாள் வேலை. மேஜர் லா என்பவர் 1875 முதல் 1878 வரை அளந்து போட்ட தடம்தான் இன்றைய வத்தலக்குண்டு சாலைக்கு ஆதி. பொதுப் போக்குவரத்துக்கு அது திறந்தது 1916-ல். அதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாக ஒற்றையடிப் பாதை. துரைமாரும் துரைசானிமாரும் டோலியில் வர, நம் ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் 948 சி.சி. இன்ஜினோடு ஏறியது எங்களுக்குக் கிடைத்த சொகுசு.

சொகுசிலும் வேலை இருந்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. 7,000 அடியில் இன்ஜினின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் மட்டும் அதே அளவு இறங்குவதால் கார்பரேட்டர் திணறிக் கரும்புகை தள்ளும். தண்ணீரும் கீழே கொதிக்கிற சூட்டுக்கு முன்பே, 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். டம்டம் பாறை தாண்டும்போதே ரேடியேட்டர் சீறத் தொடங்கும். பெட்ரோல் பம்ப் சூடேறி பெட்ரோல் ஆவியானால் இன்ஜின் நின்றுபோகும். அப்போது பெரியப்பா ஈரத்துணியை அதன்மேல் சுற்றிவிட்டு, எதிரே தலையாறு அருவி மலைச்சரிவில் வெள்ளைக் கோடாக விழுவதைப் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைப்பார்.

என் வேலை கட்டை போடுவது. ஏற்றத்தில் வண்டி நின்றதும், "ஏ தாயி, கட்டை!" என்று குரல் வரும். காலடியில் கிடக்கிற முக்கோண மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து, பின் டயருக்கு அடியில் செருக வேண்டும். வண்டி முதல் கியரில் முனகி நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட்டே ஆக வேண்டும் என்ற விதி ஏன் வந்தது என்பது அந்தக் கட்டையைச் சுமந்தவர்களுக்குத் தெரியும்.

ஹெரால்டுக்கென்று ஒரு பெருமையும் உண்டு. முன்சக்கரங்கள் அவ்வளவு ஒடியும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மற்ற கார்கள் சாலையின் அகலம் முழுவதையும் கேட்கிற கொண்டை ஊசி வளைவில் இது உள்ளோரமாகவே சுற்றி வரும். ஊத்து என்ற ஊரைத் தாண்டினால் மூடுபனி எங்கள் மடிமேலேயே இறங்கும். பெருமாள்மலையில் யூகலிப்டஸ் வாடை. வெள்ளி அருவியில் 180 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரை வாளியில் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு, மீதியில் முகம் கழுவுவோம். வண்டி நின்று நின்று போனதால் மலையின் ஒவ்வொரு திருப்பமும் எனக்கு மனப்பாடம்.

பெரியப்பா காலமான பிறகு வண்டி கைமாறிப் போனது. எங்களிடம் மிஞ்சியது பின்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதை வைத்துத்தான் இந்த மாடலைத் திருத்துகிறேன். பெட்டியில் இருப்பது இங்கிலாந்தின் மூடிய டிரையம்ப். எனக்கு வேண்டியது வத்தலக்குண்டில் திறந்த ஸ்டாண்டர்டு. ஸ்டியரிங் இரண்டிலும் வலப்பக்கம் என்பதால் அந்த வேலை மிச்சம்.

முன் கண்ணாடிச் சட்டத்தை விட்டுவிட்டு, அதன் பின்விளிம்பிலும் ஜன்னல் கீழ்க்கோட்டிலும் டேப் ஒட்டி, அதை ஒட்டியே ரம்பத்தை ஓட்டினேன். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் தவறினால் அசல் வண்டியில் 32 மில்லிமீட்டர் தவறின மாதிரி. அதனால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்துவிட்டு, மீதியை அரத்தாலும் தண்ணீர் தொட்ட உப்புத்தாளாலும் கோடு வரை கொண்டுவந்தேன். கூரை போனதும் பட்டறைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. பிளாஸ்டிக் பாடி விரல் பட்டாலே நெளிந்தது. பின் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் கம்பியை ஒட்டினேன், நெளிவது நின்றது. அவர் கைவேலையின் நியாயம் 12 சென்டிமீட்டர் வண்டியிலும் செல்லுகிறது.

அதிக நேரம் பிடித்தது மடித்த ஹூடு. துணியில் செய்தால் சரிவராது. கால் மில்லிமீட்டர் துணிகூட 32 மடங்கில் 8 மில்லிமீட்டர் தடிமனாகிவிடும். அவ்வளவு கனமான கேன்வாஸை யாரும் மடிக்க முடியாது. அதனால் டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, செம்புக் கம்பியில் வளைத்த மூன்று வில்லின் மேல் போட்டு, ஈரம் இருக்கும்போதே குச்சி முனையால் மடிப்பு மடிப்பாக அழுத்தினேன். காய்ந்ததும் கல்லாக இறுகிவிட்டது. அதன்மேல் மங்கிய காக்கி நிறம். போட்டோவில் இடது ஓரத்தில் ஹூடு கொஞ்சம் தொங்கும்; அந்தப் பக்கத்து பட்டன் ஒன்று எப்போதும் போட வராது. அந்தத் தொங்கலையும் வைத்தேன்.

பெயிண்டிலும் கணக்கு இருக்கிறது. அசல் வண்டிக்கு அடித்த அதே பச்சையைச் சின்ன வண்டிக்கு அடித்தால் கறுத்துத் தெரியும். தூரத்தில் நிற்கிற வண்டியின் நிறம் காற்றினூடே சற்று வெளுத்துத்தான் நம் கண்ணுக்கு வருகிறது. மாடலைப் பார்ப்பது அசல் வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அதனால் பச்சையில் வெள்ளையைத் துளித்துளியாகக் கலக்க வேண்டும். கலந்து கலந்து, போதும் என்று பெரியம்மாதான் சொன்னார். தொண்ணூறை நெருங்கும் அவர் கண் அந்த விஷயத்தில் துல்லியம்.

இப்போது அதே சாலையில் கார்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. ஓட, ஒரே மூச்சில் கொடைக்கானல் வந்து சேர்கின்றன. ரேடியேட்டர் கொதிப்பதில்லை, கார்பரேட்டரே இல்லை. உயரத்துக்கு ஏற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றுகிறது. வெள்ளி அருவியில் யாரும் வாளியோடு இறங்குவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் மேலே வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வந்தது. மே மாத நெரிசலில் பெருமாள்மலையிலிருந்து ஊர்ந்து வந்தவர்கள் யாரும் இதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். மலை தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு.

பெரியப்பா செய்ததை இன்று செய்யவும் முடியாது. கம்பெனி செய்து பதிவான அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும், அசல் உருவம் மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். அன்று மலை எங்களைப் படாத பாடு படுத்தியது, வண்டி எங்கள் கைக்கு அடங்கியது. இன்று மலை சுலபமாகக் கடந்துபோகிறது, வண்டிதான் நம் கைக்கு எட்டாமல் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. அதற்கடியில் என்ன நடக்கிறது என்பதை லேப்டாப் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இந்த மாடல் வேலையைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்து, கூரையை எடுத்தால் ஏன் நெளிகிறது என்று கேட்டான். குறுக்குக் கம்பியை ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் பாடியை அவன் கையிலேயே கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பள்ளியில் அவன் மனப்பாடம் செய்த இயற்பியல் அன்றைக்குத்தான் அவன் விரலுக்குப் புரிந்தது. ஒரு பொருள் எப்படி நிற்கிறது என்பதைப் பிரித்தும் அறுத்தும் ஒட்டியும் கற்றுக்கொள்ள நம் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும். பட்டறை வாசல் அவர்களுக்கு மூடிவிட்டதென்றால், மேஜையாவது திறந்திருக்கட்டும்.

அடுத்த வேலை நான்கு கதவு ஹெரால்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் வண்டலூர் செய்த அந்த வகை இந்தியாவுக்கே உரியது. இங்கிலாந்து ஹெரால்டில் அது கிடையாது. ஏர்ஃபிக்ஸ் பெட்டியின் இரண்டு கதவு பாடியை அதற்காக மாற்ற வேண்டுமானால் பின்கதவின் நீளம், நடுத்தூண் நிற்கும் இடம், ஜன்னல் மேல்விளிம்பின் வளைவு எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிய வேண்டும். உங்கள் வீட்டு ஷெட்டிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ ஒரு நான்கு கதவு ஹெரால்டு துருப்பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அளவு கையில் இருந்தால், நம் ஊர் செய்த அந்தக் காரை எந்தப் பிள்ளையும் என்றைக்காவது ஒருநாள் மறுபடி செய்துவிடும்.