கனியருகு மலர்வாட்டம்: ஓர் ஆய்வு

வரப்புத் தகராறுகளுக்கு ஆயிரக்கணக்கில் வழக்குகள் நடந்துவரும் நாட்டில், வரவேற்பறை மேசைமீது பூச்சாடிக்கும் பழத்தட்டுக்கும் இடையே ஓசையின்றி நிகழும் தகராறு இதுகாறும் அறிஞர் கவனத்தை ஈர்க்காமற்போனது வியப்பிற்குரியது. கொய்த மலரொன்று, பழுக்கும் கனியின் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்தால் தன் காலத்துக்கு முன்னரே முதுமை எய்துவதே ஈண்டுக் 'கனியருகு மலர்வாட்டம்' எனப்படுகிறது.

இதற்குக் காரணமான எத்திலீன் நிறமற்ற வாயு. தாவரங்கள் தமக்குள் தாமே உண்டாக்கிக்கொள்ளும் வளரூக்கி, அதாவது வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் ஏவும் பொருள். வாழை, மா, சப்போட்டா, ஆப்பிள் போன்று பறித்த பின்னும் பழுக்கும் கனிகள், பழுக்கத் தொடங்கியதும் இதனை மிகுதியாக வெளிவிட்டு அக்கம்பக்கத்துக் காய்களையும் பழுக்கத் தூண்டுகின்றன. சப்போட்டாவை அரிசிப் பானையில் புதைத்துவைத்த பாட்டிமார் பெயரறியாமலே இவ்வாயுவை வேலை வாங்கிவந்தனர். பழுக்கும் ஆப்பிள் இதனை வெளிவிடுகிறது என்பதை ரிச்சர்டு கேன் இங்கிலாந்தில் வேதியியல் முறைப்படி நிறுவியதோ 1934இல்தான்.

பாதிக்கப்பட்டோர் வரிசையில் முதலிடம், நீலகிரியின் பசுமைக்குடில்களிலிருந்து பூங்கொத்துக் கடைகளுக்கு வந்துசேரும் கார்னேஷனுக்கு உரியது. எத்திலீன் பட்ட கார்னேஷன் உடனே உதிர்வதுமில்லை, கருகுவதுமில்லை. அதன் இதழோரங்கள் மெல்ல உட்புறமாகச் சுருண்டு, மலர் மீண்டும் மொட்டாக முயல்வதுபோல் குவிந்துகொள்ளும், பின்னர் விரியாது. அமெரிக்கப் பூ வளர்ப்போர் இதனைத் 'தூக்கம்' என்றழைத்தனர். அத்தூக்கத்துக்குக் காரணம் விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனே என்று 1908இல் சிகாகோவில் கிராக்கரும் நைட்டும் காட்டினர். அங்கே பழம் எதுவும் உடனில்லை என்பது வாழைப்பழத் தரப்பு வழக்கறிஞர் குறித்துக்கொள்ளத்தக்கது.

பழத்தட்டை மேல்தட்டில் வைப்பதா கீழ்த்தட்டில் வைப்பதா என்னும் வினா பயனற்றது. எத்திலீன் காற்றைவிட மிகச் சிறிதளவே இலேசானதாகையால் அறை முழுதும் கலந்துவிடும், சன்னலைத் திறப்பதே தக்க வழி. குளிர்பதனப் பெட்டியின் குளிர் இரு தரப்பின் வேகத்தையும் தணிப்பினும், மூடிய பெட்டிக்குள் வாயு வெளியேற வழியில்லை. ஆதலின் ஆப்பிளையும் பூங்கொத்தையும் அங்கு ஒருங்கே பூட்டிவைப்பது நன்றன்று. இரண்டையும் ஒரே பளபளப்புத் தாளில் சுற்றி நோயாளிக்குக் கொண்டுசெல்வோரின் நல்லெண்ணம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது, ஏற்பாடு அவ்வாறன்று.

எனினும் முழுப் பழியையும் கனிமீது சுமத்துதல் முறையாகாது. முதுமையுறும் கார்னேஷன் தானும் எத்திலீனை வெளிவிட்டு, சாடியிலுள்ள உடன்பிறப்புகளையும் வாடச்செய்கிறது. ஆகவே வாழைப்பழம் உடந்தையாளரேயன்றி முதற் குற்றவாளியென உறுதியாகக் கூறவியலாது. அன்றியும், பூசைத் தட்டில் பழத்தோடு தோளுரசி நிற்கும் சாமந்தி இவ்வாயுவைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தினும் மறுநாட் காலையில் அது நிர்மால்யமாகக் களையப்படுமாதலின் வழக்காட அவகாசமில்லை.

பெரியோரைக் காணச் செல்வோர் பூங்கொத்துடன் எலுமிச்சம்பழம் எடுத்துச்செல்லத் தடையில்லை, அது எத்திலீனை மிகக் குறைவாகவே வெளிவிடும். பச்சைப் பூசணம் பூத்த எலுமிச்சை மட்டும் விலக்கத்தக்கது; அப்பூசணம் எத்திலீனைத் தாராளமாக வெளிவிடும், பெரியோரும் அதனை விரும்பார்.