லெக்சிங்டன் ஜோசியம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே லெக்சிங்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழகம். அதன் பெயரில் ஜெயித்தவர் ஒருவரும் தோற்றவர் ஒருவரும் சரிபாதிப் பங்குதாரர்கள்: வாஷிங்டன் அண்ட் லீ. ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் தன்னிடமிருந்த கால்வாய்க் கம்பெனிப் பங்குகளை அதற்குத் தூக்கிக் கொடுத்தார். முதல் பாதி அவருக்கு. உள்நாட்டுப் போரில் தெற்குப் படையை நடத்தித் தோற்ற தளபதி ராபர்ட் ஈ. லீ, 1865-இல் கல்லூரித் தலைவராக வந்து உட்கார்ந்தார். மறு பாதி அவருக்கு. லீயின் சமாதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே அவருடைய குதிரைக்கும் ஒரு சமாதி. குதிரைக்குக் காரட்டும் ஆப்பிளும் படைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் தேர்தல் ஜோசியம் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

1908-இல் அந்த ஊருக்கு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தார். மேடை ஏறினால் சிங்கம். வாக்குப்பெட்டியைத் திறந்தால்தான் தொல்லை. 1896, 1900 இரண்டிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஜனாதிபதி பதவிக்கு நின்று, இரண்டிலும் மெக்கின்லியிடம் தோற்றவர். மூன்றாவது ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் பேசிவிட்டுப் போனதும் மாணவர்களுக்குக் கை துறுதுறுத்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டைக் கட்சிக்காரர்கள்தான் நடத்த வேண்டுமா? நாமே நடத்திவிட்டால்? நடத்தினார்கள். பிரையனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலையில் டென்வரில் கூடிய அசல் கட்சி மாநாடும் பிரையனையே தேர்ந்தெடுத்தது. பையன்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். நவம்பரில் பிரையன் டாஃப்டிடம் தோற்றார். அதற்குப் பையன்கள் என்ன செய்வார்கள்? மாப்பிள்ளை யார் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். குடித்தனம் எப்படிப் போகும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அசல் மாநாடுகள் மட்டும் என்ன புனித யாகமா? அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளருக்காக முதன்முதலில் தேசிய மாநாடு கூட்டியது, ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தை ஒழித்துக்கட்டப் பிறந்த ஒரு கட்சி. 1831-இல் பால்டிமோரில் கூடி, யோசித்து, விவாதித்து, வில்லியம் வர்ட் என்பவரை வேட்பாளராக அறிவித்தது. அவர் ஒரு முன்னாள் ஃப்ரீமேசன். இந்த முகூர்த்தத்தில் தொடங்கிய வழக்கத்தைக் கல்லூரிப் பையன்கள் கிண்டலடித்தால் அதைத் தெய்வக் குற்றம் என்று சொல்ல முடியாது.

லெக்சிங்டன் மாநாட்டுக்குச் சில விதிகள் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும். வெள்ளை மாளிகையில் இல்லாத கட்சியின் வேட்பாளரை மட்டுமே கணிக்கும். மாநிலத்துக்கு ஒரு பிரதிநிதிக் குழு. ஊருக்குள் அலங்கார ஊர்திகள், ஊர்வலம், ஆரவாரம் எல்லாம் உண்டு. ஆனால் கூத்துக்குப் பின்னால் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஒரு மாநிலக் குழுவில் இருப்பவர் தனக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போடக் கூடாது. அந்த மாநிலத்து நிஜக் கட்சிக்காரர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று விசாரித்து, அவருக்குத்தான் போட வேண்டும். மாதக்கணக்கில் உள்ளூர்க் கட்சிக்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் தொலைபேசியில் பிடித்து உயிரை வாங்குவார்கள். பாடப் புத்தகத்தில் இந்த அக்கறையைக் காட்டியிருந்தால் பேராசிரியர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

1924-இல் இவர்கள் சொன்ன பெயர் ஜான் டபிள்யூ. டேவிஸ். சொந்தக் கல்லூரிப் பழைய மாணவர். பாசத்தில் போட்ட ஓட்டு என்று யாரும் சிரித்திருக்கலாம். ஜனநாயகக் கட்சியின் அசல் மாநாடு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடியது. போட்டியாளர்களான மெக்காடூ ஆட்களும் அல் ஸ்மித் ஆட்களும் மல்லுக்கு நின்றார்கள். வேட்பாளராகத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு யாருக்கும் சேரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அலபாமாக்காரர்கள் எழுந்து, எங்கள் 24 ஓட்டும் எங்கள் மாநிலத்து அண்டர்வுட்டுக்கே என்று முழங்கினார்கள். வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த தேசத்துக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. கடைசியில் 103-ஆவது சுற்றில், இரண்டு தரப்பும் களைத்து, இவராவது இருந்து தொலையட்டும் என்று எடுத்த பெயர் டேவிஸ். அவர் கூலிட்ஜிடம் படுதோல்வி அடைந்தார். பின்னாளில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்ற தென் கரோலினாவின் ஏற்பாட்டை ஆதரித்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, 1954-இல் அங்கேயும் தோற்றார். இந்தத் தோல்வி நாட்டுக்கு நல்லது.

சறுக்கல்களும் உண்டு. செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க் மீது பையன்களுக்கு அப்படி என்ன மயக்கமோ, 1936-இல் அவரே வேட்பாளர் என்றார்கள். குடியரசுக் கட்சி லாண்டனைத் தேர்ந்தெடுத்தது. 1948-இல் விடாமல் மறுபடி அவர் பெயரையே சொன்னார்கள். கட்சி டூயியைத் தேர்ந்தெடுத்தது. வாண்டன்பர்க் மாணவர்களுக்கு மட்டும் இரண்டு முறை வேட்பாளராக இருந்த பெருமையோடு போய்ச் சேர்ந்தார்.

1956 ஏப்ரல் 30-ஆம் தேதியைச் சிரித்துக்கொண்டே தாண்ட முடியாது. அன்று மாநாட்டில் முக்கிய உரை ஆல்பென் பார்க்லிக்கு. ட்ரூமனிடம் துணை ஜனாதிபதியாக இருந்தவர், வயது 78. நான்கு ஆண்டுக்கு முன் சிகாகோவில் அசல் மாநாடு நடந்தபோது, வயதாகிவிட்டது என்று தொழிற்சங்கத் தலைவர்கள் கைவிரித்ததால் போட்டியிலிருந்து விலகியவர். பிறகு மறுபடி செனட்டுக்கு ஜெயித்து, ஜூனியர் செனட்டராகப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அதைப் பற்றித்தான் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: பெரியவர்களின் ஆசனத்தில் அமர்வதைவிட ஆண்டவன் வீட்டில் ஊழியனாக இருப்பதே தனக்கு இஷ்டம் என்று. கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. கிழவர் ஓரடி பின்னால் நகர்ந்தார், விழுந்தார். மாரடைப்பு. மேடையிலேயே உயிர் போய்விட்டது. அசல் கட்சி வயதைக் காட்டி அனுப்பிவைத்த மனிதருக்குக் கடைசிக் கைதட்டலைக் கொடுத்தது இந்தப் போலி மாநாடு. அதைப் பிறகு மீண்டும் கூட்டி அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் பலித்தது.

இப்போது ஒரு வேடிக்கை. அந்த நாளில் ஓட்டுப் போடும் வயது 21. மாநாட்டில் தொண்டை கிழியக் கத்திய பையன்களில் பெரும்பாலோருக்கு நிஜத் தேர்தலில் ஓட்டே கிடையாது. ஓட்டில்லாத அந்தப் பையன்கள் 1952 முதல் 1968 வரை ஐந்து முறை தொடர்ந்து சரியாகச் சொன்னார்கள். 1971-இல் அரசியலமைப்பைத் திருத்தி 18 வயதுக்கு ஓட்டுரிமை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கணக்குத் தப்பியது. நான் நிற்கவில்லை, நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எட்வர்ட் கென்னடியைப் பிடித்து வேட்பாளராக்கினார்கள். கட்சி மெக்கவர்னைத் தேர்ந்தெடுத்தது.

இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1985 வரை ஆனது. அப்படிப்பட்ட இடத்து மாணவர்கள் 2008-இல் வேட்பாளர் ஹிலாரி கிளின்டன் என்றார்கள். அது ஒபாமாவின் ஆண்டாகிவிட்டது. 1952 முதல் 2024 வரை 19 மாநாடுகளில் தப்பியது 1972, 2008 ஆகிய இந்த இரண்டுதான்.

2020-இல் நடந்ததைக் கேட்டால் தொழில்முறை நிபுணர்களுக்கு முகம் சிவக்கும். பிப்ரவரி நடுவில் மாநாடு கூடியது. ஜோ பைடன் அயோவாவில் நான்காவது இடம். அந்த வாரம்தான் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது இடம். தொலைக்காட்சியில் அவருக்குக் கருமாதிப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் மாநிலம் மாநிலமாகக் கணக்குப் பார்த்துவிட்டு, வேட்பாளர் பைடன்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் தென் கரோலினா அவரைத் தூக்கி நிறுத்தியது. அதற்கு முந்தைய முறை, 2016-இல், டிரம்ப் என்று சொன்னவர்களும் இவர்கள்தான். அந்தப் பெயர் அந்த வளாகத்தில் எத்தனை பேருக்கு இனித்தது என்பது வேறு கேள்வி. கணக்கில் அது சேராது.

அசல் மாநாடுகளின் கதை இதற்கு நேர்மாறு. பெரிய கட்சிகளில் ஜனாதிபதி வேட்பாளருக்காக ஒரு சுற்றுக்கு மேல் ஓட்டெடுப்பு நடந்த கடைசி மாநாடு 1952-இல் ஜனநாயகக் கட்சியினுடையது. அங்கே மூன்றாவது சுற்றில் ஸ்டீவன்சன் வந்தார். அதன்பிறகு அந்த ஓட்டெடுப்பு முதல் சுற்றோடு முடிந்துவிடுகிறது. மாநிலங்களின் முன்தேர்தல்களிலேயே முடிவு தெரிந்துவிடுவதால், பிரதிநிதிகள் தொப்பியும் பலூனுமாக வந்து, கேமரா பார்க்கும்போது கையசைத்துவிட்டுப் போகிறார்கள். விசாரித்து, கணக்குப் போட்டு, முடிவு தெரியாமல் ஓட்டெடுப்பு நடத்தும் மாநாடு லெக்சிங்டனில் நடக்கிறது. இதில் எது போலி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது 2028. ஜனநாயகக் கட்சியின் முறை. யார் வர வேண்டும் என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு, யார் வருவார் என்ற கேள்வியோடு உள்ளே போவதுதான் இந்த மாணவர்களின் மொத்த வித்தை. தேர்தல் சமயத்தில் அரசியல் பேசும் நாமெல்லோரும் ஒரே ஒரு முறையாவது அதைச் செய்து பார்க்கலாம்.