இன்னும் ஒரே ஒரு கேம்

இணையச் செஸ் குழுக்காரர் என்றால் செஸ் நன்றாக ஆடுபவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆட்டம் அவருக்கு ஒரு சாக்கு; பேச்சுதான் தொழில். மூன்று நிமிட ஆட்டத்துக்கு முப்பது நிமிட விமர்சனம் என்பது அவர் வைத்திருக்கும் விகிதம். பகலில் அவர் தணிக்கையாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ மருந்துக்கடைக்காரராகவோ இருப்பார். இரவு சாப்பாடு முடிந்து, வீட்டில் விளக்கெல்லாம் அணைந்த பிறகு, போர்வைக்குள் செல்பேசி வெளிச்சத்தில் அவருடைய நிஜ உருவம் வெளிப்படும். அதே குழுவில் டொரண்டோக்காரர் ஒருவர் இருப்பார். சென்னையில் நள்ளிரவு என்றால் அவருக்குப் பிற்பகல். அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு ஆடிக்கொண்டிருப்பார். துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் சேர்ந்துகொண்டால் குழு தூங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது.

பெரும்பாலும் லிச்செஸ், செஸ் டாட் காம் ஆகிய இரண்டு தளங்களில்தான் இவரைப் பார்க்கலாம். லிச்செஸ் 2010-ல் தீபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. செஸ் டாட் காம் 2007-ல் வந்தது. அதில் காசு கட்டினால் கூடுதல் வசதி உண்டு. நம்மவர் லிச்செஸ் பக்கமே சாய்வார். திறந்த மூலக் கொள்கையில் தனக்கு இருக்கும் பிடிப்புதான் காரணம் என்பார். இலவசம் என்பதைக் கடைசியில், போகிற போக்கில் சொல்வார்.

குழுவில் ஒருவரை எப்படி அழைக்கிறார்கள் என்பதை வைத்தே அவர் சேர்ந்து எத்தனை நாளாகிறது என்று சொல்லிவிடலாம். முதல் வாரம் "சார்". சேர்ந்து நாலு ஆட்டம் தோற்ற பிறகு "ப்ரோ". குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்த அன்று "தல". ராணியையே கொடுத்த அன்று "டேய்". வயது ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் "டேய்" மட்டும் "அண்ணே" ஆகும். அதற்குப் பின்னால் வரும் வாக்கியத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆறு மாதமாகியும் ஒருவரைச் "சார்" என்றே அழைக்கிறார்கள் என்றால், ஒன்று அவர் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறார், இல்லையென்றால் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை.

லிச்செஸ் அரட்டைப் பெட்டியில் மரியாதைக்கென்று தயார்நிலைப் பொத்தான்கள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கும்போது வணக்கம் சொல்ல ஒன்று, வாழ்த்த ஒன்று; முடிந்ததும் "நல்ல ஆட்டம்", "நன்றாக ஆடினீர்கள்", "நன்றி", "கிளம்பணும்" என்று வரிசையாக. அன்னியர்களிடம் குழுக்காரர் இவற்றை ஒழுங்காக அழுத்துவார். தன் ஆட்களிடம் பொத்தான் வரும்வரை காத்திருக்க மாட்டார்; எதிராளி ராணியை இழந்த மறுநொடியே "நன்றாக ஆடினீர்கள்" என்று தானே தட்டி அனுப்புவார். வாழ்த்து ஒன்றுதான், அனுப்பும் நேரம்தான் வேறு. "கிளம்பணும்" பொத்தானுக்கோ குழுவில் ஒரே பொருள்தான்: ஜெயித்தாயிற்று, இனி ரீமேட்ச் கிடையாது.

அடுத்தது ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ, ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் அளக்க ஒரு முறையைத் தந்தார். உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றுக்கொண்டது. இணையத் தளங்களில் இருப்பது அதன் வழிவந்த கிளிக்கோ முறை. எலோ மனிதர்களின் ஆட்டத்தை அளக்க நினைத்தார். குழுக்காரர் மனிதர்களையே அதால் அளக்கிறார். லிச்செஸ் எல்லாரையும் 1500-லிருந்து தொடங்கி வைக்கும். பொதுவாக அங்கே ஒருவருக்கு வரும் எண், செஸ் டாட் காமில் வருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால் பெருமை பேசும்போது லிச்செஸ் கணக்கு. பந்தயம் கட்டும்போது செஸ் டாட் காம் கணக்கு. 1998-ல் நிற்பவர் அன்றிரவு தூங்க மாட்டார். இரண்டு புள்ளிக்காக இன்னும் ஒரே ஒரு கேம் என்று உட்கார்ந்து, விடியும்போது 1871-ல் எழுந்திருப்பார். மறுநாள் குழுவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "என்ன பதினெட்டு எழுபத்தொண்ணு, டீ குடிச்சாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

குழுக்காரரின் முழுத்திறமையும் தோல்விக்குக் காரணம் சொல்வதில் தெரியும். மவுஸ் ஸ்லிப் என்பது ஆரம்பநிலை. செல்பேசியில் ஆடுபவர் அதைச் சொன்னால் "உன் போன்ல மவுஸ் எங்கடா இருக்கு?" என்ற கேள்வி வரும் என்பதால், தேர்ந்தவர்கள் "விரல் ஸ்லிப்" என்று திருத்திக்கொள்வார்கள். நெட் போச்சு, சார்ஜ் போச்சு என்பவை அடுத்த நிலை. குக்கர் விசில் அடித்தது, வாசலில் தண்ணீர் கேன்காரர் மணி அடித்தார், குழந்தை திரையைத் தொட்டுவிட்டது என்பவை குடும்பப் பிரிவு. இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் கேன் எப்படி வந்தது என்று கேட்பது குழு நாகரிகம் அல்ல, கேட்பார்கள். உச்சநிலையில் இருப்பவர் காரணமே சொல்ல மாட்டார்: "உனக்கு இந்த எண்ட்கேம் கத்துக்கொடுக்கணும்னுதான் விட்டேன்." இதற்கு உலகில் பதில் கிடையாது.

வெளிக்காரணத்தின் மேல் பழிபோடுவது இணையம் தந்த பழக்கம் இல்லை. 1561-ல் செஸ் நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ், எதிராளியின் கண்ணில் வெளிச்சம் படும்படி பலகையைப் போடச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தோற்றவர் வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லியிருந்தால், அது பொய்யாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

காரணங்களையெல்லாம் பொடியாக்க வந்தது கணினி. ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற இயந்திரம் ஒவ்வொரு நகர்த்தலையும் சலித்துப் பார்த்து, மோசமானவற்றுக்கு இரட்டைக் கேள்விக்குறி போடும். தோற்றவர் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பக்கம் படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும், சிவப்பு வட்டத்தோடு. ஜெயித்தவரின் இரட்டைக் கேள்விக்குறிகள் அந்தப் படத்தில் வராதபடி வெட்டப்பட்டிருக்கும். "துல்லியம் 97 சதவீதம்" என்று யாராவது மார்தட்டினால் உடனே நகர்த்தல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். எதிராளி ஒன்பதாவது நகர்த்தலில் ராணியைக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு லிச்செஸில் தனி அரட்டை உண்டு. ஆடிக்கொண்டிருப்பவர்கள் கண்ணுக்கு அது ஆட்டம் முடியும்வரை தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து ஆடுபவர் காதுபட "குதிரையை எடு, குதிரையை எடு" என்று கத்திய தலைமுறைக்கு இது பெரிய தண்டனை. ஆனால் அதற்கு ஈடாக, ஆடுபவர் முதுகுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் பேசும் சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஆட்டம் முடிந்து அந்த அரட்டையைத் திறந்து படிப்பவர் முகத்தைப் படமெடுக்க வசதியில்லாதது ஒரு குறையே.

ஒரு மாதிரி ஆட்டத்தைப் பார்க்கலாம். வெள்ளையிடம் இரண்டு ராணி. கறுப்பிடம் எச்8 மூலையில் தனி ராஜா. இரண்டே நகர்த்தலில் மேட் போடலாம். போட மாட்டார், பார்வையாளர்கள் இருக்கிறார்களே! மிச்சமிருக்கும் சிப்பாயையும் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தி, செக் வராதபடி தன் ராஜாவின் மறைவில் மூன்றாவது ராணியை இறக்குவார். கறுப்பு ராஜா ஜி8-க்குப் போய் மறுபடி எச்8-க்கே வரும். அது வந்து நின்றதும் வெள்ளை தன் முதல் ராணியைக் கம்பீரமாக ஜி6-ல் கொண்டுவந்து வைப்பார். செக் இல்லை. கறுப்பு ராஜாவுக்கு ஜி8, ஜி7, எச்7 மூன்றும் அடைபட்டுவிட்டன. நகர வழியில்லை, செக்கும் இல்லை: ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. அரட்டையில் முதல் ஐந்து நொடி யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். பிறகு ஒருவர்: "அண்ணே, மூணு ராணி வச்சிருந்த தசரதன் என்ன ஆனாருன்னு தெரிஞ்சுமா?" அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் தசரதன். அடுத்த ஒரு வாரம் அவர் குழுவில் எந்த ஆட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும், "அயோத்தி தரப்பு வாதம் பதிவு செய்யப்பட்டது" என்று யாராவது எழுதுவார்கள்.

கேலியாகவே ஆடப்படும் ஓப்பனிங்குகளும் உண்டு. அவற்றில் பாங்க்ளவுட் தனிச்சிறப்பு உடையது: முதல் நகர்த்தலில் ராஜாவின் முன்னாலிருக்கும் சிப்பாய், இரண்டாவதிலேயே ராஜா. செஸ் கற்கும் குழந்தைகூடச் செய்யக் கூடாது என்று சொல்லித்தரப்படும் காரியம். 2021 மார்ச்சில் ஓர் இணையப் போட்டியில் அன்றைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் இதை ஆடினார். எதிரே இருந்த ஹிகாரு நகமுரா அசரவில்லை. தன் ராஜாவையும் முன்னால் கொண்டுவந்தார். இருவரும் அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தேறியிருந்ததால், அதே நகர்த்தல்களைத் திரும்பத் திரும்ப ஆடி, சிரித்துக்கொண்டே டிரா செய்துகொண்டார்கள். அந்த நாளிலிருந்து குழுக்காரர் ராஜாவைத் தெருவுக்கு இழுத்துவிட்டுத் தோற்றால், "கார்ல்சனே ஆடினார்" என்பார். கார்ல்சன் தோற்கவில்லை என்பதைக் கேட்டுக்கொள்ள அவருக்கு நேரமிருக்காது.

கேலி ஓரிடத்தில் நின்றுவிடும். இயந்திரத்தின் உதவியோடு ஆடுவதுதான் அது. "உன்னைப் பார்த்து இன்ஜின்னு எவனும் சந்தேகப்பட மாட்டான்" என்பது விளையாட்டு. உண்மையிலேயே ஒருவர் பிடிபட்டுக் கணக்கு முடக்கப்பட்டால், அவரைப் பற்றி நகைச்சுவையே எழாது, பெயரே அடிபடாது. அவரிடம் தோற்ற புள்ளிகள் திரும்பி வந்ததாகத் தளம் அறிவிக்கும் செய்தியை மட்டும் சிலர் படமெடுத்துப் போடுவார்கள்.

இத்தனை வசவுக்கும் நடுவே இவர்கள் நண்பர்கள் என்பதற்குச் சான்று பொத்தான்களில்தான் கிடைக்கும். லிச்செஸில் எதிராளியின் கடிகாரத்துக்குப் பதினைந்து நொடி தானமாகக் கொடுக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. இணைப்பு அறுந்து நண்பர் தவித்துக்கொண்டிருந்தால் குழுக்காரர் அதைத் தட்டிக்கொண்டே இருப்பார்; வாயில் மட்டும் "எங்கடா ஓடிட்ட, கோழை" என்று வந்துகொண்டிருக்கும். தவறிக் கைபட்ட நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டால் கொடுத்துவிடுவார். கொடுத்ததை வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவார். இதற்கு நேரெதிர் அரீனா போட்டியின் பெர்செர்க் பொத்தான்: அழுத்தினால் தன் நேரம் பாதியாகும், ஜெயித்தால் ஒரு புள்ளி அதிகம். அன்னியரிடம் கணக்குப் பார்த்து அழுத்துவார்கள். நண்பரிடம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள். "உனக்கு இது போதும்" என்று சொல்ல இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

இந்த ரசனைக்குச் சென்னையில் பழைய வேர் உண்டு. சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் ஆட்டம் ஆடிப் பழகினார். ஜெயித்தவர் பலகையிலேயே உட்கார்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்பவருக்கு ஆட்டம் பார்ப்பதையும் வாயடிப்பதையும் தவிர வேறு வேலை இல்லை. அந்த வரிசை இப்போது நாடு விட்டு நாடு நீண்டிருக்கிறது.

திரையில் மட்டும் பழகியவர்கள் நேரில் சந்திக்க ஒரு சாக்கு தேவை. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் அதைக் கொடுத்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டி, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையை ஊரெங்கும் நிறுத்திவைத்த நாட்கள் அவை. இத்தகைய சந்திப்பில் முதல் பத்து நிமிடம் பரிதாபமாக இருக்கும். இரவெல்லாம் "டேய்" போட்டவர் எதிரே நரைத்த தலையும் சட்டைப்பையில் கண்ணாடிக் கூடும் கொண்ட பெரியவர் நின்றால், "வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?" என்றுதான் வரும். பெரியவரும் "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்பார். ஊர், வேலை, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு தள்ளாடும். யாராவது பையிலிருந்து சுருட்டிய பலகையை எடுத்து விரித்த பிறகுதான் நிலைமை சரியாகும். நாலாவது நகர்த்தலில் "கையை எடுடா" என்ற குரல் கேட்டால் சந்திப்பு வெற்றி.

இவர்களில் ஒவ்வொருவரும் அவ்வப்போது ஆட்டத்தைத் துறப்பது வழக்கம். ஒரே இரவில் நூறு புள்ளி போன பின், "நண்பர்களே, இத்துடன் விடைபெறுகிறேன், குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது" என்று நீண்ட செய்தி வரும். குழு கண்ணீர்ப் பொம்மைகளைக் கொட்டும். நாலைந்து நாளில் புதுப் பெயரில் ஒருவர் தளத்தில் கணக்குத் தொடங்கி, தனக்கு இந்த ஆட்டமே புதிது என்று அறிமுகம் செய்துகொண்டு குழுப் போட்டியில் சேருவார். ரேட்டிங் 1500 என்று காட்டும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எண்ட்கேமில் இரண்டு ராணி கையில் இருக்க, மேட் போடாமல் மூன்றாவது சிப்பாயை அவர் தள்ளத் தொடங்கும்போது, பார்வையாளர் அரட்டையில் ஒருவர் எழுதியிருப்பார்: "வாங்க மகாராஜா. அயோத்தியில எல்லாரும் சௌக்கியமா?"