பஸ் வரலைன்னா?

ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கும் மகனுக்கு மாதாமாதம் 'ரிஸ்க் ரெஜிஸ்டர்' நிரப்பும் வேலை உண்டு. எடுத்த வேலை எங்கெங்கே கவிழும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பூச வேண்டும். பூசி முடித்தபின் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. தாம்பரத்தில் உள்ள அவர் வீட்டிலோ இதே வேலை தினமும் காலையில், வாசற்படியில், வாய்மொழியாகவே நடந்துவிடுகிறது.

“பஸ் வரலைன்னா?” என்பார் அம்மா.

“ஆட்டோல போயிடுவேன்.”

“ஆட்டோக்காரர் சில்லறை இல்லைன்னுட்டா?”

“ஜிபே பண்ணிடுவேம்மா.”

“போன்ல சார்ஜ் தீர்ந்துட்டா?”

மகனிடம் பதில் இல்லை. சட்டைப் பைக்குள் பத்து ரூபாய்த் தாள்கள் திணிக்கப்படும். குடை அதற்கு முன்பே பைக்குள் போயிருக்கும்.

கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதற்கு 'பிரீமார்ட்டம்' என்று பெயர் வைத்து எழுதினார். வேலையைத் தொடங்குமுன்பே அது படுத்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் படுத்தது என்று குழுவில் ஆளாளுக்குக் காரணம் எழுத வேண்டும். கூட்டத்தில் குறை சொன்னால் கெட்ட பெயர் வருமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்கூட இந்த முறையில் பேசிவிடுவார்கள் என்பது கிளைனின் வாதம். தாம்பரத்து அம்மாவுக்கு அப்படியொரு தயக்கம் எந்நாளும் இருந்ததில்லை.

கால அட்டவணை விஷயத்திலும் அவர் கெட்டி. காலை ஏழு மணிக்கு இட்லி என்றால், கணக்கு அங்கிருந்து பின்னோக்கி ஓடும். மாவு புளிக்க ஓர் இரவு. அதற்கு முன் அரைக்க ஒரு மணி நேரம். அதற்கும் முன் அரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊற நாலு மணி நேரம். ஆகவே நாளைய டிபன் இன்று மதியச் சாப்பாட்டோடு தொடங்கிவிடுகிறது. மார்கழி என்றால் மாவுப் பாத்திரம் அடுப்போரம் நகரும். கத்திரி வெயிலில் பாத்திரத்தைப் பாதிதான் நிரப்புவார். பொங்கி வழிந்தால் தாங்கிக்கொள்ள அடியில் ஒரு தாம்பாளமும் வைப்பார்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்/360 மென்பொருள் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ், அந்தப் பாடுகளையெல்லாம் 1975-ல் புத்தகமாகப் போட்டார். தாமதமாகும் மென்பொருள் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் பேர்போன விதி. மகனின் மேலதிகாரி ஒவ்வொரு முறையும் ஆட்களைத்தான் சேர்க்கிறார். மாவு புளிக்கவில்லை என்று பாத்திரத்தைச் சுற்றி நாலு பேரை உட்கார வைக்கும் பழக்கம் தாம்பரத்தில் கிடையாது.

கேஸ் சிலிண்டர் கதையும் இப்படித்தான். வீட்டில் இரண்டு, தலா 14.2 கிலோ. ஒன்று தீர்ந்த நிமிடமே அடுத்ததை மாட்டிவிட்டு, மூன்றாவதற்கு போனில் பதிவு செய்துவிடுவார் அம்மா. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த 'கன்பான்' முறையும் செலவான பொருளையே அடுத்த ஆர்டராகக் கொள்வதுதான். மாட்டிய தேதி காலண்டரில் குறிக்கப்பட்டிருக்கும். வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாகத் தீர்ந்தால் விசாரணைக் கமிஷன் உட்காரும்: “குளிக்கிற வெந்நீரை கேஸ்ல போட்டது யாரு?”

அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்க்காமல் காசு நகராத இடத்தில் காலம் கழித்ததால், வீட்டைப் பூட்டும்போதும் அதே முறை. அவர் பூட்டுவார், அம்மா இழுத்துப் பார்ப்பார், கேஸ், மோட்டார், பின்கதவு என்று இருவரும் ஒப்பித்துக்கொள்வார்கள். தெருமுனை போனதும் அப்பா மட்டும் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார்.

சிரிக்கலாம். ஆனால் 1935 அக்டோபர் 30-ல் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் போயிங் மாடல் 299 கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. காற்றில் ஆடாதிருக்க வால் பகுதிக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகள் பட்டியலை வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியது. அங்கே பூட்டை எடுக்கவில்லை, இங்கே பூட்டினோமா என்ற சந்தேகம், மருந்து ஒன்றுதான்.

இவ்வளவு இருந்தும் தாம்பரம் நிர்வாகத்துக்கு முழு மதிப்பெண் போட முடியாது. தேவைக்கு மேல் சரக்கைச் சேர்த்து வைப்பது ஓனோவின் பார்வையில் விரயம். அவர் இந்த வீட்டுப் பரணைப் பார்த்திருந்தால் அப்படியே திரும்பி ஜப்பானுக்குப் போயிருப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், பைகளைப் போட்டு வைத்த ஒரு பை.

அதைவிடப் பெரிய ஓட்டை, எல்லாத் தகவலும் ஒரே தலைக்குள் இருப்பது. அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா பெங்களூரு போனபோதுதான் இது வெளிப்பட்டது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு எல்லாம் செய்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். முதல் நாளே மகன் போன் போட்டார்.

“பெருங்காயம் எங்கேம்மா?”

“ஹார்லிக்ஸ் பாட்டில்ல.”

“அதுல உளுந்துன்னா இருக்கு?”

“அது பெரிய பாட்டில்டா. சின்னதுல கடுகு. பெருங்காயம் காபித்தூள்னு எழுதின பாட்டில்ல.”

“அப்போ காபித்தூள்?”

“அது மஞ்சத்தூள் டப்பால. அப்பாவுக்குத் தெரியுமே.”

அப்பாவுக்குத் தெரியாது. அவர் ஒரு நீள நோட்டை எடுத்து, கோடு போட்டு, டப்பா வாரியாக எழுத உட்கார்ந்தார். கடைசிப் பத்திக்கு 'சரிபார்த்தவர்' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு டப்பாவையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி மகனிடம் நீட்டினார்.