பிளப்பதும் பிரிப்பதும்

கே: உடைத்தல், பிளத்தல், பிரித்தல் எல்லாம் ஒன்றுதானே? பிறகேன் 'அணு உடைப்பு' என்னாமல் 'அணுப்பிளவு' என்கிறார்கள்?
– ஒரு வாசகர், மணவாளக்குறிச்சி

ப: பானையை உடைத்தால் சில்லுச் சில்லாகும். விறகைப் பிளந்தால், கோடாரி விழுந்த இடத்தில் நெடுக இரண்டாகும். பிளவு, பிளாச்சு எல்லாம் இந்தப் 'பிள' பெற்ற பிள்ளைகள். யுரேனியக் கருவும் பெரும்பாலும் இரண்டு துண்டாகத்தான் போகிறது. அதனால் 'பிளவு' சரி. 1939-ல் ஓட்டோ ஃபிரிஷ் இதற்கு 'ஃபிஷன்' என்று பெயர் வைத்தபோது, செல் இரண்டாவதற்கு உயிரியலார் வைத்திருந்த சொல்லைத்தான் கடன் வாங்கினார். அதன் லத்தீன் வேருக்கும் 'பிளத்தல்' என்றே பொருள்.

உங்கள் ஊருக்குச் சோறு போடுவது மூன்றாவது வினை: பிரித்தல். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதையொட்டி மணவாளக்குறிச்சிக்கு மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது. காந்தம் கறுப்பு இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும். மற்றவை அடுத்தடுத்துப் பிரியும். அங்கே எதையும் பிளப்பதில்லை. மோனசைட்டிலுள்ள தோரியமும் லேசில் பிளக்காது. நியூட்ரானை விழுங்கி, யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே அதற்கு அந்தப் புத்தி வரும்.

பெயரில் மணவாளன், தொழிலோ பிரித்துவைப்பது. நல்லவேளை, மணலை மட்டும்!